யூனிட்டக்கா நடித்த ஒரே படம்

அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிரித்தவர்கள் மேல்தான். பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தார்கள். அதே ஆட்கள்தான் பிறகு என் அக்கா படியேறி வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

என் அக்காவுக்கு வேலை மின்சார மீட்டர் பார்ப்பது. எங்கள் குடியிருப்பு ரொம்பப் பழையது, வரிசையாகத் தொகுதிகள் நிற்கும். மீட்டரை வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற புத்தி அதைக் கட்டியவனுக்கு இல்லை. எல்லா வீட்டிலும் சமையலறைக் கதவுக்கு மேலே மாட்டிவிட்டுப் போய்விட்டான். அதனால் மாதா மாதம் அக்கா ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயாக வேண்டும். அவளோ உயரம் கம்மி. வீட்டுக்காரர்கள் முக்காலியோ நாற்காலியோ எடுத்துப் போட வேண்டும். ஏறி, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் படித்து, கையில் இருக்கும் மெஷினில் அடித்துவிட்டு இறங்குவாள். இறங்கும்போது சும்மா இறங்க மாட்டாள். "இந்த மாசம் யூனிட் எகிறியிருக்கே, மாமியார் வந்து தங்கினாங்களா?" என்பாள். பாதி வீட்டில் அது உண்மையாகவே இருக்கும். "இதெல்லாம் கூடவா மீட்டர் சொல்லுது" என்று சிரிப்பார்கள். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை யூனிட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீடு பூட்டியிருந்தால் காதில் செருகி வைத்திருக்கும் சாக்பீஸை எடுப்பாள். வாசல் நிலையில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன வட்டம் போடுவாள். சாயங்காலம் மறுபடி வர வேண்டும் என்று தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் அடையாளம் அது, வேறொன்றும் இல்லை. மாலையில் வந்து மீட்டரைப் பார்த்ததும் புறங்கையால் துடைத்துவிடுவாள். இந்த வழக்கம் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. அக்காவின் கணவரான மாமா இறந்து, அவர் பார்த்த வேலை இவளுக்கு வந்தபோது, இத்தனை கதவுகளை எப்படி நினைவு வைத்துக்கொள்வது என்று கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவள், தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

மகள் அப்போது கைக்குழந்தை. கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாமல் மருந்துக்கடை கவுண்டரில் நின்றுகொண்டிருந்த நான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேருமாகத்தான் அந்தப் பெண்ணை வளர்த்தோம். அவளுக்குக் கல்யாணமாகி இதே குடியிருப்பில் கடைசித் தொகுதிக்குக் குடிபோனபோது, அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதோ கடல் தாண்டிப் போய்விட்டதைப் போல. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

படம் எடுத்தவனை நாங்கள் தாடி என்போம். எங்கள் தொகுதியில் வாடகைக்கு இருந்தான். முகத்தில் பாதி தாடி, மீதி தூக்கமின்மை. உலகம் கெட்டுப்போன பிறகு இருக்கப்போகும் ஒரு நகரத்தைப் பற்றிய கதை என்றான். அங்கே காற்று பற்றாது, தண்ணீர் பற்றாது. ஒவ்வொரு வீட்டிலும் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம். கூடுதலாக இருப்பவர்களைச் சாம்பல் உடுப்புக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். கேட்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

அவன் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிர்கால நகரம் எங்கள் படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும்தான். உடுப்பு, மழைக்கோட்டுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்தது. தலைக்கவசம், வீட்டுக்கு வீடு இரவல் வாங்கிய அலுமினியச் சட்டி. ஆள் எண்ணும் இயந்திரம் என்று ஒன்று வரும். அது யார் வீட்டிலோ ஓடாமல் கிடந்த வாஷிங் மெஷின், உள்ளே ஒரு சிவப்பு பல்ப்.

ஒரு நாள் அக்கா பூட்டிய வீட்டு நிலையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததை அவன் படியில் நின்று பார்த்துவிட்டான்.

"அக்கா, இதையே கேமரா முன்னாடி பண்ணுவீங்களா?"

"வசனம் உண்டா?"

"கிடையாதுக்கா."

"நல்லதாப் போச்சு. இருந்தா நான் பாட்டுக்கு ரெண்டு சேத்துப் பேசிடுவேன்."

"நீங்க தினமும் பண்றத அப்படியே பண்ணுங்க. சிரிக்க மட்டும் வேண்டாம்."

"உன் காலத்துலயும் மீட்டர் சமையல்கட்டு மேலதான் இருக்குமாப்பா? நல்ல ஸ்டூலா ஒண்ணு கண்டுபிடிச்சு வை" என்றாள். எதிர்காலத்து மீட்டர்காரியாக நடிக்கிறோம் என்றுதான் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தாள். கதையில் அந்த வட்டத்துக்கு என்ன பொருள் என்று தாடி அவளிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் முகம் மாறிவிடும் என்று பயந்தானாம்.

பக்கத்துச் சின்னத் தியேட்டரில் படம் வந்தது. முதல் காட்சிக்கு எங்கள் குடியிருப்பே திரண்டு போனது. திரையில் சாம்பல் படை அணிவகுத்து வந்ததும், பின்வரிசையில் ஒரு பெண் குரல், "ரெண்டாவதா வர்றது என் சட்டி. இன்னும் திருப்பித் தரல" என்றது. தியேட்டர் குலுங்கியது. மழைக் காட்சியில் உடுப்பின் பெயின்ட் கரைந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. வாஷிங் மெஷின் வந்தபோது ஒருவர் தரையில் உட்கார்ந்தே விட்டார். தாடி கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது, நானும் சிரித்தேன்.

அப்புறம் அக்கா வந்தாள். விசில் பறந்தது. "யூனிட்டக்கா" என்று மூலைக்கு மூலை கூப்பிட்டார்கள். திரையில் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீளமான வராந்தாவில், கையில் மெஷினோடு, முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல் நடந்து வந்தாள். ஒரு கதவைத் தட்டினாள். கேமரா கதவுக்கு உள்ளே போனது. உள்ளே ஒரு குடும்பம் இருட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. தாய் தன் குழந்தையின் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். மறுபடி வெளியே அக்கா. கொஞ்சம் நின்றாள். காதிலிருந்து சாக்பீஸை எடுத்து நிலையில் வட்டம் போட்டுவிட்டு நடந்தாள். அடுத்த காட்சியில் சாம்பல் ஆட்கள் வேறு எந்தக் கதவையும் பார்க்காமல் நேராக அந்த வட்டத்துக்கு வந்தார்கள்.

குழாயை மூடினாற்போல் சிரிப்பு நின்றது. இருட்டில் ஒரு குழந்தை, "அம்மா, நம்ம வீட்டுலயும் அக்கா வட்டம் போட்டாங்கல்ல?" என்று கேட்டது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது வேறு சிரிப்பு.

பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கதவுக்கு உள்ள ஆள் இருந்தது எனக்குத் தெரியாதுடி" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அது கதை."

"கதைதான். ஆனா நான் தட்டினது நிஜக் கதவு."

படம் சில நாட்களில் தியேட்டரை விட்டுப் போனது. நம்பும்படியாக இல்லை என்று யாரோ பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் மட்டும் கேலி ஓய சில வாரம் ஆயிற்று. "யூனிட்டக்கா, எங்க வீட்டுல வட்டம் போட்டுறாதீங்க" என்று முக்காலியை நீட்டுவார்கள். அவளும் "ஒழுங்கா டீ குடுத்தா போட மாட்டேன்" என்பாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் சட்டம் வந்தது. கட்டடங்கள் பழையவை, பாரம் தாங்காது, தண்ணீர் பற்றாது, ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பதிவானவர்கள் மட்டுமே இருக்கலாம் என்று குடியிருப்பு அலுவலகம் சொன்னது. வெளியூர்களில் தொழிற்சாலைகள் மூடியதால் வேலை போனவர்கள் அண்ணன் வீடு, மாமன் வீடு என்று வந்து ஒண்டியிருந்த காலம் அது. அவர்களுக்கு வேறு இடம் ஏற்பாடாகியிருக்கிறது என்றார்கள். எங்கே என்று கேட்டால் நல்ல இடம்தான் என்றார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தில் வருவது போலவே இருக்கிறதே என்று இரண்டு மூன்று பேர் சொல்லிச் சிரித்ததோடு சரி.

எங்கள் தொகுதியில் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். அவருடைய தம்பி, மனைவி குழந்தைகளோடு வந்து தங்கியிருந்தார். ஒரு காலையில் பிள்ளைகள் பல் துலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் சாம்பல் உடுப்பு எதுவும் போட்டிருக்கவில்லை. சாதாரணச் சட்டை, சாதாரணச் செருப்பு. குரலை உயர்த்தவில்லை. ஒருவர் சின்னப் பெண்ணின் தண்ணீர் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டார். வேன் கிளம்பிப் போனது. அன்றிலிருந்து அந்தத் தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

கடிகாரக்காரர் வீட்டு நிலையில் ஒரு வட்டம் இருந்தது.

முந்தின நாள் அக்கா போட்டது. தட்டினாள், யாரும் திறக்கவில்லை, போட்டாள். மாலையில் திரும்பப் போகவில்லை, ஏனென்றால் அவளுக்குக் காய்ச்சல். நான்தான் மாத்திரை கொடுத்து, இழுத்துப் போர்த்திப் படுக்க வைத்தேன். அந்த ஒரு மாலை அவள் அழிக்காமல் விட்ட வட்டத்தைத்தான் வேனைப் பார்க்க ஓடி வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். யாராவது திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கிழித்திருப்பேன். அந்த வசதியைக் கூட எனக்குத் தரவில்லை.

அதன் பிறகு கதவுகள் மூடிக்கொண்டன. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் அக்காவுக்குக் கேட்கும், பாத்திரம் நகரும் சத்தம் கேட்கும். தட்டினால் எல்லாம் அடங்கிவிடும். திறந்த ஒன்றிரண்டு வீடுகளில் ஒன்றில், பழக்கதோஷத்தில் "யூனிட் ஏறியிருக்கே" என்று சொல்லிவிட்டாளாம். அந்த வீட்டுப் பெண் பிடித்திருந்த நாற்காலியை விட்டுவிட்டாள். அக்கா விழாமல் தப்பியது பெரிய காரியம். அன்றோடு வாயையும் மூடிக்கொண்டாள்.

சாக்பீஸை அவள் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டாள். ஆனால் வட்டங்கள் நிற்கவில்லை. தண்ணீர்ச் சண்டை, குப்பைச் சண்டை, பழைய வாய்த்தகராறு, எல்லாவற்றுக்கும் ஆட்களுக்குப் புதிதாக ஒரு வழி கிடைத்துவிட்டது. வேண்டாதவர் வீட்டு நிலையில் யாரோ வரைந்துவிட்டுப் போனார்கள். அக்கா போகிற வழியில் எந்த வட்டத்தைப் பார்த்தாலும் நின்று துடைப்பாள். அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கதவு திறந்தது. வீட்டுக்காரர் பார்த்தது நிலையில் வட்டம், அதன் மேல் அக்காவின் கை. கதவை மெதுவாக, சத்தமே வராமல் சாத்திக்கொண்டார்.

அலுவலகத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "போன ரவுண்டுல பாதி வீட்டுக்கு மேல பூட்டின வீடுன்னு போட்டிருக்கீங்க. அடுத்த தடவையும் இப்படியே வந்தா இந்த ஏரியாவ வேற ஆளுக்குக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார். வேலை போய்விடும் என்பது மட்டுமல்ல அக்காவின் பயம். ஆயுள் முழுக்க நடந்து நடந்து அவள் சம்பாதித்தது அந்தக் கதவுகளைத்தான். ஒரு வீட்டுக்குள் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வராத நாள் அவளுக்கு நாளே இல்லை.

"தாடியக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். அது வெறும் நடிப்புன்னு அவன் சொன்னா கேப்பாங்க" என்றாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினேன்.

தாடி இப்போது பெரிய ஆள். நம்பும்படி இல்லை என்று எழுதிய அதே பத்திரிகை, வரப்போவதை முன்கூட்டியே சொன்ன கலைஞன் என்று அவன் படத்தைப் போட்டது. தாடியைக் கூட ஒழுங்காக வெட்டியிருந்தான். ஆனாலும் நல்ல பிள்ளை, கூப்பிட்டதும் வந்தான். எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடியும் படம் போட்டார்கள்.

அதே ஆட்கள், அதே படம். அலுமினியச் சட்டிகள் வந்தன, யாரும் சிரிக்கவில்லை. மழையில் பெயின்ட் கரைந்து சொட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ரத்தத்தைப் பார்த்ததைப் போல. வாஷிங் மெஷினுக்குள் சிவப்பு பல்ப் எரிந்தபோது ஒருவர் எழுந்து, வீட்டைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா திரைக்கு வந்ததும் எங்களைச் சுற்றி நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. விளக்கு போட்டபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரு தீவில் உட்கார்ந்திருந்தோம்.

தாடி எழுந்து நின்றான். அக்காவைக் காட்டினான். "இவங்களப் பத்தி ஏதேதோ பேச்சு அடிபடுதுன்னு கேள்விப்பட்டேன். அது படம்ங்க, இவங்க வேற, அந்தப் பாத்திரம் வேற" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தான்.

கடிகாரக்காரரின் மனைவி உட்கார்ந்தபடியே கேட்டாள். "அந்த வட்டம் போடுறதெல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததா தம்பி?"

அவன் ஆம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். ஆனால் அவன் கலைஞன். எத்தனையோ மேடையில் பெருமையாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில் அது.

"நான் ஒரு வார்த்தை சொல்லிக்குடுக்கலம்மா. அது இவங்களோட வழக்கம். இவங்க நடிக்கவே இல்ல. அதான் அந்தக் காட்சி அவ்வளவு நல்லா வந்துச்சு."

மண்டபத்தில் எங்கோ ஒருவர் கை தட்டினார். இன்னொருவர். பிறகு எல்லோரும். தாடியைப் பார்த்துத் தட்டவில்லை, அக்காவைப் பார்த்துத் தட்டினார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். பயந்து தட்டும் கைதட்டலை நான் அன்றுதான் கேட்டேன். தாடி மட்டும் பூரித்துப் போய் நின்றான்.

அடுத்த ரவுண்டில் எல்லாக் கதவும் திறந்தது. தட்டுவதற்கு முன்பே திறந்தது. முக்காலி போட்டுத் தயாராக இருந்தது, அதன் மேல் சுத்தமான துணி விரித்திருந்தது. கடிகாரக்காரர் வாசலிலேயே நின்றாராம். மீட்டரைக் காட்டாமல் படுக்கையறைக்குக் கூட்டிப் போனார். அலமாரியைத் திறந்தார், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை இழுத்து வெளியே வைத்தார்.

"நாங்க ரெண்டு பேர்தாங்க. நல்லாப் பாத்துக்குங்க."

"அண்ணே, நான் மீட்டர் பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்க, பாருங்க. எங்க வேணும்னாலும் பாருங்க" என்றார். பெட்டிப் பூட்டுக்குள் சாவி நுழையாமல் அவர் கை தவறித் தவறிப் போனது என்று அக்கா சொன்னாள். கடிகாரத்தின் உள்ளே கடுகளவு திருகை எடுத்து வைக்கிற கை.

அதை விட மோசமானவர்களும் இருந்தார்கள். முக்காலியைப் பிடித்துக்கொண்டே, காதும் காதும் வைத்தாற்போல், "கீழ் வீட்டுல ஒரு குழந்தை அழுவுற சத்தம் கேக்குது. அவங்களுக்குக் குழந்தையே கிடையாதே" என்றாள் ஒருத்தி. படத்தின் முதல் காட்சியில், சட்டியைத் திருப்பித் தரவில்லை என்று சொல்லித் தியேட்டரையே குலுக்கியவள். அக்கா கேட்காதவள் போல எண்ணை மெஷினில் அடித்தாள். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். "எல்லாக் கதவும் திறக்குதுடி" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். வேறென்ன செய்வது.

மறு வாரம் சூப்பர்வைசர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். பக்கத்தில் குடியிருப்பு அலுவலகத்து ஆள் ஒருவர் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வீடு விடாம முடிச்சிருக்கீங்க. உங்களுக்குத் திறக்காத கதவே இல்லையாமே" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார்."

"யூனிட்ட வச்சே வீட்டுல எத்தனை பேருன்னு சொல்லிடுவீங்களாமே. எண்ணைப் பாக்கும்போது அப்படியே ஆளையும் பாத்துட்டு வந்து சாருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கூடுதல் வேலை ஒண்ணும் இல்ல. எப்படியும் உள்ள போறீங்க."

அக்கா டீயைக் குடித்து முடித்தாளாம். முடித்துவிட்டு, மெஷினை அவர் மேஜை மேல் வைத்தாள். "எனக்கு அவ்வளவு தூரத்துக்குக் கண்ணு தெரியாது சார். வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள்.

அங்கிருந்து நேராக என் மருந்துக்கடைக்கு வந்து சொன்னாள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேலை போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் எங்களைத் தவிர இருக்காது.

"முதல்ல அவகிட்டச் சொல்லணும், வா" என்றாள்.

அவள் என்றால் மகள். சில வாரமாக அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தலைவலி என்றாள், மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்றாள். போனில் பேசினால் சுருக்கமாக முடித்துக்கொண்டாள். போன ரவுண்டில் அக்கா மீட்டர் பார்க்கப் போனபோது கூட மாப்பிள்ளைதான் கதவைத் திறந்து, அவள் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாராம். தன் பெயர் கெட்டதில் மகளுக்கும் தலைகுனிவாக இருக்கும் என்று அக்கா நினைத்திருந்தாள். இப்போது சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி இருந்தது. நான் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. ஒரே குடையில் இரண்டு பேரும் போனோம்.

மகள் வீடு கடைசி மாடி. அக்கா மூச்சு வாங்க ஏறி, கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்டி."

உள்ளே இருந்து, "ஒரு நிமிஷம்மா, வந்துட்டேன்" என்று உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு அவ்வளவு உரக்கத் தேவையில்லை. வேகமான காலடி கேட்டது. ஏதோ இழுபட்டது. சமையலறைக்குப் பின்னால் மொட்டை மாடிக்குப் போகும் கதவு திறந்து மூடியது. நாங்கள் சொட்டும் குடையோடு வெளியே நின்றோம். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. மகள் காது வரைக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்போது அதுதான். உள்ளே எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. படுக்கையறை, குளியலறை, அலமாரி. நாங்கள் உட்காருவதற்குள் அவளே முன்னால் நடந்து, ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்சம் விரியத் திறந்து விட்டாள்.

"நாங்க ரெண்டு பேர்தானேம்மா. இடம் தாராளமா இருக்கு. பாரேன்."

அக்கா பார்க்கவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் உள்ளங்கை மெத்தையில் அப்படியே நின்றது. யாரோ அப்போதுதான் எழுந்து போன சூடு இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி உண்டு. வேலை பார்த்த ஊரில் தொழிற்சாலை மூடிவிட்டது என்று முன்பு ஒரு முறை பேச்சில் வந்தது. கல்யாணத்தில் எனக்கு ஓடி ஓடிப் பரிமாறிய பையன்.

அக்கா தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். மகளின் சிரிப்பு உதிர்ந்து போனது.

"சொல்லிடாதம்மா" என்றாள்.

"யார்கிட்டடி?"

மகள் தரையைப் பார்த்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே மொட்டை மாடியில் தண்ணீர் அடிக்கும் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உன் அம்மா இன்று காலையில் என்ன செய்துவிட்டு வந்தாள் தெரியுமா என்று வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். வலித்தது.

"நாங்க கிளம்புறோம்" என்று எழுந்தாள். "மழை வலுக்குது. மேல நிக்கிற பிள்ளை நனைஞ்சிடும்."

மகள் "அம்மா" என்றாள். அக்கா நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஒரு மாடி இறங்கியதும் நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேலைய விட்டுட்டேன்னு ஏன் சொல்லல? அதுக்குத்தானே வந்தோம்?"

"இப்பச் சொன்னா நடிக்கிறேன்னு நினைப்பா" என்றாள்.

மேலே மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கால்கள் தடதடவென்று இறங்கின. மகள் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். அது வரைக்கும் அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள வந்துட்டான். போலாம்" என்றாள்.